டாக்கரும் ஒண்டுக்குடித்தனமும்

பொட்டி தட்டுகிறவர்கள் அதிகமாகச் சொன்ன வசனம் எது என்று ஒரு போட்டி வைத்தால், “என் சிஸ்டத்துல ஓடுச்சே!” என்பதற்குத்தான் முதல் பரிசு. பெரிய கம்பெனியில் இதைச் சொன்னால் பக்கத்து சீட்காரர் சிரிப்பார், அவ்வளவுதான். கடைசி வருஷ புராஜெக்ட் ரிவ்யூவில் சொன்னால் மார்க் போய்விடும். அதுவும் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் இன்னும் எட்டு டீமைப் பார்க்க வேண்டும் என்ற அவசரத்தில் நிற்கும்போது.

ஒரு பேச்சுக்கு இரண்டு மாணவர்களை வைத்துக்கொள்ளுங்கள். ஒருவன் பெரம்பலூரில் ஹாஸ்டல்வாசி. இன்னொருவன் அரியலூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவன். 30 கிலோமீட்டர் சொச்சம், முன்னால் ஒரு சிமென்ட் லாரி போனால் நேரத்துக்கு உத்தரவாதம் கிடையாது. இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வலைத்தளம் செய்கிறார்கள். சின்ன வெங்காயம் இன்று என்ன விலை போனது என்று ஊர்வாரியாகக் காட்டும் தளம். பெரம்பலூர் மாவட்டத்தில் இதைவிடப் பொருத்தமான தலைப்பு கிடைக்காது. பிஹெச்பி, மைஎஸ்க்யூஎல், அவ்வளவுதான். ராக்கெட் விஞ்ஞானம் ஒன்றும் இல்லை.

ஹாஸ்டல்காரன் விண்டோஸில் எக்ஸாம்ப் போட்டிருக்கிறான். அரியலூர்க்காரன் உபுண்டு. அங்கேதான் வினை ஆரம்பம்.

முதல் அடி கோப்புப் பெயரில் விழும். விண்டோஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றுதான். லினக்ஸுக்கு இரண்டும் வேறு வேறு ஆள். ஒரு இடத்தில் பெரிய எழுத்தில் பெயர் வைத்து, இன்னொரு இடத்தில் சின்ன எழுத்தில் கூப்பிட்டால், விண்டோஸ் கண்டுகொள்ளாது. லினக்ஸ் “அப்படி யாரும் இங்கே இல்லை” என்று கதவைச் சாத்திவிடும்.

இரண்டாவது அடி தமிழில். மைஎஸ்க்யூஎல் 5.7 வரைக்கும், நீங்களாக எதுவும் சொல்லாவிட்டால் அது எடுத்துக்கொண்டது லத்தீன்-1 என்ற எழுத்துக் குறியீடு. அதில் ‘வெங்காயம்’ என்று சேமிக்கப் போனால் ஒன்று பிழை வரும், இல்லை என்றால் கேள்விக்குறிகள் வரிசையாக வந்து நிற்கும். 2018இல் வந்த 8.0 பதிப்பில்தான் யூனிகோட் தானாகவே அமைந்தது. ஒருவன் கணினியில் 5.7, இன்னொருவன் கணினியில் 8.0 என்றால் ஒரே நிரல் ஓரிடத்தில் தமிழ் பேசும், இன்னோரிடத்தில் கேள்வி மட்டும் கேட்கும்.

மூன்றாவது அடிதான் வேடிக்கை. எக்ஸாம்ப் போட்டால் அதனுடன் வருகிற பிஹெச்பி அமைப்புக் கோப்பில் நேர மண்டலம் என்ன தெரியுமா? பெர்லின்! (அதைத் தயாரித்தவர்கள் ஜெர்மனிக்காரர்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.) விடியற்காலை 3 மணிக்கு மண்டிக்கு வந்த சரக்கின் விலையை அந்த நேரத்துக்கே பதிவு செய்தால், அது முதல் நாள் தேதியில் போய் உட்காரும். “நேத்து வெல எப்படிடா இன்னைக்கு வந்துச்சு?” என்று இரண்டு பேரும் பாதி ராத்திரி மண்டையை உடைத்துக்கொள்வார்கள். நிரலில் தப்பே இருக்காது.

இந்த மூன்றுக்கும் பொதுவான காரணம் ஒன்றுதான். நிரலை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். நிரல் எதன்மேல் நிற்கிறதோ அதைப் பகிரவில்லை.

இங்கேதான் டாக்கர் வருகிறது. நிரலோடு சேர்த்து, அதற்கு வேண்டிய பிஹெச்பி பதிப்பு, அதன் துணைப்பொருட்கள், அமைப்புகள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டுவது. அந்த மூட்டைக்கு இமேஜ் என்று பெயர். அதை ஓட விட்டால் கன்டெய்னர்.

“இதைத்தான் விர்ச்சுவல் பாக்ஸிலேயே செய்தோமே” என்று சீனியர்கள் கேட்பார்கள். செய்தார்கள்தான். ஆனால் விர்ச்சுவல் மெஷின் என்பது தனி வீடு. அதற்கென்று தனிக் கிணறு, தனி வாசல், தனி மதில். உள்ளே ஒரு முழு இயங்குதளம் பூட் ஆக வேண்டும். 4 ஜிபி மெமரி இருக்கிற லேப்டாப்பில் இரண்டு தனி வீடு கட்டினால் நடக்க இடம் இருக்காது. கன்டெய்னர் என்பது ஒண்டுக்குடித்தனம். நாலு குடும்பத்துக்கும் கிணறு ஒன்றுதான், வாசல் ஒன்றுதான். அந்தப் பொதுக் கிணறுதான் லினக்ஸ் கெர்னல். ஆனால் ஒவ்வொரு போர்ஷனுக்கும் கதவு தனி. உள்ளே இருப்பவருக்கு அடுத்த போர்ஷனில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது. கதவைப் போட்டது நேம்ஸ்பேஸ். ‘ஆளுக்கு இத்தனை குடம் தண்ணீர்தான்’ என்று கண்டிப்பாக நிற்கும் வீட்டுக்கார அம்மாள்தான் சி-குரூப்.

இந்த எண்ணம் புதிது இல்லை. யூனிக்ஸின் ஏழாம் பதிப்பில் 1979இலேயே சி-ஹெச்-ரூட் என்ற வசதி வந்துவிட்டது. ஒரு நிரலை ஒரு அடைவுக்குள் அடைத்து, அதுதான் உலகம் என்று நம்பவைப்பது. 2000இல் ஃப்ரீ பிஎஸ்டியில் ‘ஜெயில்’ என்ற பெயரிலேயே வந்தது (பெயர் வைத்தவருக்கு நகைச்சுவை உணர்வு உண்டு). லினக்ஸில் சி-குரூப் வேலையைக் கூகுள் பொறியாளர்கள் 2006இல் ஆரம்பித்தார்கள், 2008 ஜனவரியில் கெர்னல் 2.6.24இல் சேர்ந்தது. அதே வருஷம் மெமரிக்கு அளவு வைக்கும் பகுதியும் உள்ளே வந்தது. அந்தப் பகுதியின் மூலக் கோப்பைத் திறந்து மேலே பார்த்தால் ஐபிஎம் பெயருக்குக் கீழே பல்பீர் சிங் என்று ஒரு பெயர் இருக்கும். உலகம் முழுக்க ஓடுகிற கன்டெய்னர் ஒவ்வொன்றின் மெமரிக் கணக்கிலும் ஓர் இந்தியரின் கைவண்ணம் இருப்பது நம் பாடப்புத்தகங்களில் வராத செய்தி. 2013 மார்ச்சில் அமெரிக்காவில் நடந்த பைகான் மாநாட்டில் சாலமன் ஹைக்ஸ் ஐந்து நிமிஷம் பேசி டாக்கரைக் காட்டினார். கதவும் குடமும் ஏற்கெனவே இருந்தன. சாதாரண ஆள் கையாளுகிற மாதிரி ஒரு சாவிக்கொத்து செய்ததுதான் டாக்கரின் பெருமை.

சரி, நம் வெங்காயத்துக்கு வருவோம்.

இரண்டு கோப்பு எழுத வேண்டும். ஒன்று டாக்கர்ஃபைல். ‘அப்பாச்சியுடன் கூடிய பிஹெச்பி 8.2 இமேஜை எடுத்துக்கொள், அதில் மைஎஸ்க்யூஎல்லோடு பேசும் துணைப்பொருளைச் சேர், நேரத்தை ஆசியா/கொல்கத்தா என்று வை’ என்று நாலைந்து வரி. துணைப்பொருளைச் சேர்க்கிற வரி முக்கியம். அதிகாரப்பூர்வ பிஹெச்பி இமேஜில் மைஎஸ்க்யூஎல்-ஐ துணைப்பொருள் தானாக இருக்காது. எக்ஸாம்ப்பில் எல்லாமே பந்தி போட்டு வைத்திருப்பதால் இது ஒரு தனிப் பொருள் என்பதே பலருக்குத் தெரியாமல் போகிறது. நேர மண்டலத்தை விட்டால் கன்டெய்னர் யூடிசி நேரத்தில் ஓடும், நமக்கு 5.30 மணி பின்னால். பெர்லினிலிருந்து தப்பித்து லண்டன் பக்கம் மாட்டிக்கொள்வதில் என்ன லாபம்?

இரண்டாவது கோப்பு காம்போஸ். வலைத்தளத்துக்கு ஒரு கன்டெய்னர், தரவுதளத்துக்கு ஒன்று, இரண்டுக்கும் பெயர், போர்ட், கடவுச்சொல் எல்லாம் அதில். யாம்ல் வடிவத்தில் எழுத வேண்டும். அதில் டேப் விசையைத் தட்டக்கூடாது, இடைவெளி மட்டும்தான். இந்த ஒரு வரியைப் படிக்காததால் வீணான சாயங்காலங்கள் எத்தனையோ. எழுதி முடித்து ‘டாக்கர் காம்போஸ் அப்’ என்று தட்டினால் இரண்டும் எழுந்து நிற்கும்.

எழுந்து நின்றதும் வருகிற முதல் குழப்பம், தரவுதளம் கிடைக்கவில்லை என்ற பிழை. இத்தனை நாள் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று எழுதிப் பழகிய கை. ஒண்டுக்குடித்தனத்தில் ‘இந்த வீடு’ என்றால் அவரவர் போர்ஷன்தானே? வலைத்தளத்தின் போர்ஷனில் நின்று லோக்கல்ஹோஸ்ட் என்றால் அது தன்னையே தேடும். காம்போஸ் கோப்பில் தரவுதளத்துக்கு என்ன பெயர் வைத்தீர்களோ அதைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். பெயர் ‘டிபி’ என்றால் ‘டிபி’. அப்படிக் கூப்பிட்டாலும் முதல் தடவை சில விநாடி கிடைக்காமல் போகலாம். தரவுதளம் தூங்கி எழுந்து பல் துலக்க நேரமாகும். காம்போஸில் ‘இதற்குப் பின் அது’ என்று வரிசை சொன்னால் கன்டெய்னர் கிளம்பும் வரிசை மட்டும்தான் உறுதி. உள்ளே இருப்பவர் தயாரா என்று அது பார்க்காது. அதற்கு ஹெல்த்செக் என்று தனியாகச் சில வரி வேண்டும்.

ஒருவன் விண்டோஸில் எழுதிய ஷெல் கோப்பை இன்னொருவன் கன்டெய்னரில் ஓட்டினால் ‘அப்படி ஒரு கோப்பே இல்லை’ என்று பிழை வரும். கோப்பு கண்ணெதிரே இருக்கும்! வரி முடியும் இடத்தில் விண்டோஸ் போடுகிற கண்ணுக்குத் தெரியாத கூடுதல் எழுத்துதான் காரணம். எடிட்டரில் வரி முடிவை லினக்ஸ் முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

இப்போது பட்டறை விஷயம். பெரம்பலூர்ப் பக்கம் வெங்காயம் வைத்திருப்பவர்களுக்குப் பட்டறை என்றால் விளக்க வேண்டியதில்லை. விலை இல்லாத நேரத்தில் அறுவடையைக் காற்றோட்டமாக அடுக்கி வைக்கும் இடம். வயலை உழுது அடுத்த பயிர் போட்டாலும் பட்டறையில் இருப்பது இருக்கும். கன்டெய்னர் வயல் மாதிரி. அழித்துவிட்டு நொடியில் புதிதாகப் போடலாம், அதுதான் அதன் அழகே. ஆனால் தரவுதளத்தில் சேர்ந்த விலைப் பட்டியலை வயலிலேயே விட்டுவைத்தால் உழும்போது அதுவும் போகும். அதனால் வால்யூம் என்று வெளியே ஒரு பட்டறை கட்டி, தரவை அதில் வைக்கச் சொல்ல வேண்டும். ‘காம்போஸ் டவுன்’ என்றால் வயல் மட்டும் காலி. அதே கட்டளைக்குப் பின்னால் ஒரு ‘மைனஸ் வி’ சேர்த்தால் பட்டறையும் சேர்ந்து காலி. ஒரே ஒரு எழுத்து. ‘எல்லாத்தையும் சுத்தம் பண்ணிட்டுப் புதுசா ஆரம்பி’ என்று யாரோ எங்கேயோ எழுதிய பதிலை ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி அப்படியே நகலெடுத்துத் தட்டினால், மூன்று மாதம் மண்டி மண்டியாகச் சேகரித்த விலை போயே போச்சு. அதற்கு ரீசைக்கிள் பின் கிடையாது. வாரம் ஒருமுறையாவது தரவுதளத்தை ஒரு எஸ்க்யூஎல் கோப்பாக இறக்கிப் பென்டிரைவில் வைப்பவன் பிழைத்தான்.

இதுவரை சொன்னது புத்தகத்திலும் கிடைக்கும். சின்ன ஊரில் இதைச் செய்பவனுக்கு வேறு சில தலைவலிகளும் உண்டு.

ஒன்று, தரவிறக்கம். ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி போன் டேட்டாவில் வாழ்கிற ஹாஸ்டல்வாசிக்கு, பிஹெச்பி ஒன்று, மைஎஸ்க்யூஎல் ஒன்று என்று சில நூறு எம்பி இறங்குவது சாதாரண விஷயமில்லை. பாதியில் அறுந்தால் அழுகை வரும். இதற்கு டாக்கரிலேயே ஒரு வழி இருக்கிறது, ஏனோ அதிகம் பேர் பேசுவதில்லை. ‘டாக்கர் சேவ்’ என்று கொடுத்தால் இமேஜ் ஒரு கோப்பாகிவிடும். வீட்டில் பிராட்பேண்ட் இருக்கிற அரியலூர்க்காரன் ராத்திரி இறக்கி, பென்டிரைவில் போட்டு, காலை பஸ்ஸில் கொண்டுவரலாம். இங்கே ‘டாக்கர் லோட்’. “பங்கு, நீ நெட்டை வேஸ்ட் பண்ணாத, நான் கொண்டாரேன்” என்றால் முடிந்தது வேலை. சிமென்ட் லாரிக்குப் பின்னால் ஊர்ந்து வந்தாலும் அது அந்த நெட்டைவிட வேகம் :-)

இரண்டு, கல்லூரி லேப். நாற்பது பேர் ஒரே நேரத்தில் இமேஜ் இறக்கினால் திடீரென்று ‘அளவு மீறிவிட்டது’ என்று டாக்கர் ஹப் மறுக்கும். 2020 நவம்பரில் கொண்டுவந்த கட்டுப்பாடு அது. கணக்கு இல்லாமல் வருபவர்களை ஐபி முகவரியை வைத்துத்தான் எண்ணுகிறது. கல்லூரி மொத்தமும் வெளியே ஒரே முகவரியாகத் தெரிவதால் நாற்பது பேரும் அதற்கு ஒரே ஆள்! இலவசக் கணக்கு ஒன்று தொடங்கி உள்நுழைந்தால் ஆளுக்குத் தனிக் கணக்கு. இல்லை என்றால் பழையபடி பென்டிரைவ்.

லேப் பொறுப்பாளர் டாக்கர் போட அனுமதிக்கவில்லை என்று கோபப்படுவதிலும் அர்த்தமில்லை. லினக்ஸில் டாக்கர் குழுவில் ஒருவரைச் சேர்ப்பது அவர் கையில் ரூட் சாவியைக் கொடுப்பதற்குச் சமம். அவர் பயப்படுவது நியாயம்தான். ரூட் இல்லாமலே ஓடுகிற பாட்மேன் என்ற மாற்று இருக்கிறது. கட்டளைகள் ஏறக்குறைய அதேதான். அதைக் காட்டிக் கேட்டால் ஒப்புக்கொள்ள வாய்ப்பு உண்டு.

மூன்று, மெமரி. விண்டோஸ் ஹோம் வைத்திருப்பவர்களுக்கு டாக்கர் டெஸ்க்டாப் ஒழுங்காகக் கிடைத்ததே 2020இல் டபிள்யூஎஸ்எல் 2 வந்த பிறகுதான். ஆனால் அதற்குள் ஒரு குட்டி விர்ச்சுவல் மெஷின் ஓடுகிறது, விட்டால் மெமரியைத் தின்றுகொண்டே போகும். அதன் அமைப்புக் கோப்பில் உச்சவரம்பு போட்டுவைப்பது நல்லது. நிரல் கோப்புகளை சி டிரைவில் வைத்தால் தளம் ஆமை வேகத்தில் வரும், லினக்ஸ் பக்கத்து அடைவிலேயே வைத்தால் சரியாகிவிடும். 4 ஜிபி லேப்டாப் என்றால் வம்பே வேண்டாம், நேராக லினக்ஸ் போட்டுவிடுங்கள். அங்கே நடுவில் மெஷின் எதுவும் இல்லை. 2011இல் அரசு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தபோது அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே தந்தார்கள். அதைத் திறந்து பார்த்தவர்கள் குறைவு. அன்றைக்குக் கொஞ்சம் பேர் திறந்து பழகியிருந்தால் இன்று கன்டெய்னர் என்றதும் பாதிப் பேருக்குப் பயம் வந்திருக்காது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். போர்ட்டைத் திறக்கும்போது வெறுமனே 3306 என்று எழுதினால் கணினியின் எல்லா இணைப்புகளிலும் அது திறக்கும். ஹாஸ்டல் வைஃபையில் இருக்கிற யாரும் உங்கள் தரவுதளத்தின் கதவைத் தட்டலாம். கடவுச்சொல் ‘ரூட்’ என்று வைத்திருந்தால் தட்டக்கூட வேண்டாம். முன்னால் 127.0.0.1 சேர்த்தால் கதவு உங்கள் கணினிக்குள் மட்டும்.

இவ்வளவு பாடு பட வேண்டுமா? ஒரே ஆள், ஒரே லேப்டாப், ஒரு செமஸ்டர் என்றால் வேண்டாம். எக்ஸாம்ப் போதும். (நேர மண்டலத்தை மட்டும் மாற்றிவிடுங்கள்.) ரெஸ்யூமேவில் போட ஒரு வார்த்தை கிடைக்கும் என்பதற்காக ஐந்து பக்கத் தளத்துக்கு ஆறு கன்டெய்னர் ஓட்டுவது கொசுவுக்கு வேட்டு வைப்பது.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அது யாரும் வெளியே பேசாதது. கடைசி வருஷ புராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள் உண்டு. பெரம்பலூரிலிருந்து திருச்சி 60 கிலோமீட்டர்தான். போய் வந்தால் டாக்குமென்டேஷனோடு சேர்த்து நிரல் கையில். அந்த நிரல்களில் பல பிஹெச்பி 5 காலத்தவை. தரவுதளத்தைத் தொட அவை பயன்படுத்தும் பழைய ‘மைஎஸ்க்யூஎல் கனெக்ட்’ கட்டளை 2015 டிசம்பரில் வந்த பிஹெச்பி 7இலேயே நீக்கப்பட்டுவிட்டது. புது எக்ஸாம்ப்பில் போட்டால் முதல் வரியிலேயே செத்துவிழும். 2009இல் செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைப் படிமங்கள் கிடைத்தன, நினைவிருக்கிறதா? அந்த மாதிரிச் சரக்கு. டாக்கர் ஹப்பில் பிஹெச்பி 5.6 இமேஜ் இன்னும் கிடைக்கிறது. அதில் போட்டால் முட்டை பொரிந்து குட்டி ஓடிவிடும்! வாங்கியவனுக்கு எதுவும் புரிய வேண்டிய அவசியமே இல்லை. ஒரே கட்டளை, ரிவ்யூ முடிந்தது.

அதே கோப்பு இரண்டு விதமாகவும் வேலை செய்கிறது என்பதுதான் இதில் சங்கடம். தானே எழுதியவனுக்கு டாக்கர்ஃபைல் ஒரு பட்டியல். தன் தளம் எதன்மேலெல்லாம் நிற்கிறது என்று உட்கார்ந்து யோசித்து ஒவ்வொன்றாக எழுதினால்தான் அது ஓடும். வாங்கியவனுக்கு அது மூடி போட்ட டப்பா. நல்ல எக்ஸாமினர் என்றால் ஒரு வேலை செய்யலாம். டாக்கர்ஃபைலைத் திறக்கச் சொல்லி, நடுவிலிருந்து ஒரு வரியைக் காட்டி, “இதை எடுத்துட்டா என்னப்பா ஆகும்?” என்று கேட்கலாம். வெங்காயக்காரன் இரண்டு பேரும் சொல்லிவிடுவார்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு ராத்திரி தூக்கம் போயிருக்கும்.

அடுத்த வருஷம் இதே தளத்தை ஜூனியர்கள் எடுத்து நடத்துவதாக இருந்தால் கோப்பில் பதிப்பு எண்களைத் தெளிவாக எழுதிவைக்க வேண்டும். ‘லேட்டஸ்ட்’ என்று எழுதினால் இன்றைக்கு ஒன்று இறங்கும், அவர்கள் எடுக்கிற அன்றைக்கு வேறொன்று இறங்கும். மைஎஸ்க்யூஎல் 8.0க்கு 2026 ஏப்ரல் வரைதான் ஆதரவு என்று ஆரக்கிள் அறிவித்தது. அதனால் புதிதாகத் தொடங்குபவர்கள் 2024இல் வந்த 8.4 என்றே எழுதலாம், அது நீண்டகால ஆதரவுப் பதிப்பு. கடவுச்சொற்களைக் காம்போஸ் கோப்பில் வைக்காமல் தனி என்வ் கோப்பில் வைத்து, அதைக் கிட்டில் ஏற்றாமல், மாதிரிக் கோப்பு ஒன்றை மட்டும் ஏற்றுங்கள். கூடவே விலைப் பட்டியலின் எஸ்க்யூஎல் கோப்பும் இருக்கட்டும். பட்டறை காலியாக இருந்தால் ஜூனியர்கள் வயலை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்?